ஒரு யூனிட் பத்து ரூபாய்

நான் செய்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2022-இல் மின்கட்டணம் உயர்ந்தபோது அதை எதிர்த்துப் பேசியவன் நான். ஊருக்காக மனு எழுதியவன் நான். அதே மாதங்களில், என் வீட்டில் வாடகைக்கு இருந்த மூன்று குடும்பங்களிடம் கரண்டுக்கென்று வாங்கக் கூடாத பணத்தை வாங்கினேன். கேள்வி கேட்ட ஒரு பெண்ணின் வீட்டுக்கு மின்சாரத்தை நிறுத்தினேன். அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். முதலில் அறியவில்லை. பிறகு அறிந்தேன். அறிந்த பிறகும் வாங்கினேன்.

தீர்ப்பு உங்களுடையது. அதற்கு முழுக் கணக்கும் உங்கள் முன் இருக்க வேண்டும். ஒன்றையும் மறைக்காமல் வைக்கிறேன்.

நத்தம் பேரூராட்சியில் எங்களுக்குச் சொந்த வீடு. முன்பக்கம் நாங்கள். பின்பக்கத்தில் மூன்று சிறிய வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தேன். நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மின் இணைப்பு, என் பெயரில். பின்வீடுகளுக்குத் தலா ஒரு சப் மீட்டர். மாதம் பிறந்தால் நானே போய் ரீடிங் பார்ப்பேன். யூனிட்டுக்கு 7 ரூபாய். வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்வேன். ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அந்த நோட்டை அவர்களில் ஒருவருக்கும் காட்டியதில்லை.

அந்த 7 ரூபாய் எங்கிருந்து வந்தது? தெருவில் மற்றவர்கள் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். மின்கட்டண அட்டவணையில் வீடுகளுக்கு அப்படியொரு விலையே அன்று கிடையாது. உச்ச விலை 6 ரூபாய் 60 காசு. அதுவும் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிய பிறகு ஓடும் யூனிட்டுகளுக்கு மட்டும். 2016 மே 23 முதல் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். என் பின்வீடுகளில் இருந்தவர்களுக்கு அதில் ஒரு யூனிட்கூடப் போய்ச் சேரவில்லை. அது என் மனத்தில் உறுத்தவே இல்லை. என் பெயரில் இணைப்பு, என் பெயரில் சலுகை என்று இருந்துவிட்டேன்.

2022 ஜூலையில் மின்வாரியம் கட்டண உயர்வு கேட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் போனது. 2014-க்குப் பிறகு வீடுகளுக்கு வந்த பெரிய உயர்வு அதுதான். கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது, வேறு வழியில்லை என்றார்கள். ஆணையம் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தது. மதுரையில் ஆகஸ்ட் 18. நத்தத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். என் முறை வந்தபோது சொன்னேன்: “உங்கள் நட்டத்தை எங்கள் தலையில் ஏற்றுவதற்கு முன் கணக்கைக் காட்டுங்கள். கணக்குக் கேட்பது மக்களின் உரிமை.” பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

எங்கள் மாவட்டமே அந்த நாட்களில் இந்தப் பேச்சாக இருந்தது. திண்டுக்கல்லில் இயங்கும் தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. ஆணையத்தில் சட்டத்துறை உறுப்பினர் இல்லை, அவர் இல்லாமல் முடிவெடுக்கக் கூடாது என்றது. தனி நீதிபதி தடை விதித்தார். பிறகு இரு நீதிபதிகள் அமர்வு அதை விலக்கியது. செப்டம்பர் 10-ஆம் தேதி புதிய கட்டணம் அமலுக்கு வந்தது.

அந்தச் சில வாரங்களில் தெருவில் என் மதிப்புக் கூடியது. பில்லைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வந்தார்கள். “அண்ணன் பாத்துக்குவாரு” என்றார்கள். அவர்களுக்காக மின்சாரச் சட்டத்தைப் புரட்டினேன். பிரிவுகளின் எண்கள் மனப்பாடம் ஆயின. எனக்கு அது பிடித்திருந்தது. நியாயம் கேட்கிறவன் என்ற பெயர் பிடித்திருந்தது. அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது. நியாயம் கேட்கிறவன் அநியாயம் செய்ய மாட்டான் என்று என்னைப் பற்றி நானே நம்பிவிட்டேன்.

புதிய கட்டணம் வந்த வாரத்திலேயே பின்வீடுகளுக்குச் சொல்லிவிட்டேன். இனி யூனிட் 10 ரூபாய். எனக்குப் புது பில் இன்னும் வரவில்லை. புது அட்டவணையையும் முழுதாகப் படிக்கவில்லை. ஆணையமாவது மூன்று ஊரில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டது. நான் வாசற்படியில் நின்று சொன்னதோடு சரி. முதல் வீட்டிலும் மூன்றாம் வீட்டிலும் சரியென்று தலையாட்டினார்கள்.

நடு வீட்டில் இருந்தவர் தலையாட்டவில்லை.

அவர் சட்டை தைப்பவர். நத்தத்தில் ஆயத்தச் சட்டைத் தொழில் எப்படி நடக்கிறது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். துணியை வெட்டிக் கட்டாகக் கொடுப்பார்கள். அந்தக் கட்டுத்தான் லாட். வீட்டில் வைத்துத் தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சட்டைக்கு இவ்வளவு என்று கூலி. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில்தான் கை நிறைய வேலை. அவர் கணவர் மாங்காய் மண்டியில் சுமை தூக்குபவர். மாங்காய்க் காலம் முடிந்தால் அவருக்கு வருமானம் சுருங்கிவிடும். அந்த அக்டோபரில் அந்தக் குடும்பம் நின்றது மோட்டார் வைத்த ஒரு தையல் மிஷினின் மேல்தான்.

மாதம் 90 யூனிட் ஓடியிருந்தது. பழைய விலையில் 630 ரூபாய். நான் கேட்டது 900. அவர் 630 ரூபாயை எண்ணி என் கையில் கொடுத்தார். பிறகு சொன்னார்: “எம்புட்டு யூனிட்டு, என்ன ரேட்டு, ஈ.பி.ல நீங்க எம்புட்டுக் கட்டுறீங்கன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்கண்ணே. அவுகளுக்குக் காட்டணும். சீட்டைப் பாத்துட்டு மிச்சத்தையும் தந்துர்றேன்.”

குரலை உயர்த்தவில்லை. மரியாதை குறையவில்லை. மதுரையில் நான் கேட்டதைத்தான் அவரும் கேட்டார். என்னைவிடப் பணிவாகக் கேட்டார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் என்னைக் குத்தியது. சொன்னேன்: “என்கிட்டயே கணக்குக் கேக்குறியா? இருக்க இஷ்டமிருந்தா இரு. இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு.” அதோடும் நிற்கவில்லை. “வீட்டுக் கரண்டுல தொழில் பண்ற. ஈ.பி.க்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா?” என்றும் சொன்னேன். வீட்டில் ஒரு மிஷின் வைத்துத் தைப்பதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று நான் பார்த்தது கிடையாது. அவரைப் பயமுறுத்த வேண்டும். அதற்காகச் சொன்னேன். அவர் பயந்தார். ஆனால் சீட்டுக் கேட்டதை விடவில்லை.

அன்று பொழுது சாய்ந்த பிறகு அவர் வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். மெயின் போர்டு எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறது. கையை நீட்டினால் போதும். பின்பக்கம் மோட்டார் சத்தம் நின்றது.

270 ரூபாய்க்காக அதைச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். பணத்துக்காகச் செய்திருந்தால் குற்றம் இதைவிடச் சிறியதாக இருந்திருக்கும். கேள்வி கேட்ட வாயை அடக்க வேண்டும், மற்ற இரண்டு வீடும் அதைப் பார்க்க வேண்டும் என்று செய்தேன். கொஞ்ச நேரத்தில் போட்டுவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போடவில்லை. அவர் வந்து கதவைத் தட்டினார். “அண்ணே, காலையில லாட்டுக் குடுக்கணும்ணே” என்றார். என் மனைவி எழுந்தாள். நான் கையைக் காட்டி அவளை உட்கார வைத்தேன். மறுபடியும் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. விடிந்த பிறகுதான் ஃபியூஸைப் போட்டேன்.

இப்போது ஒரு சட்டப் பிரிவைச் சொல்கிறேன். என் குற்றத்தை அளக்க அது உங்களுக்குத் தேவைப்படும். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56. கட்டணம் பாக்கி வைத்தவருடைய இணைப்பைத் துண்டிக்க வேண்டுமென்றால் 15 முழு நாட்கள் முன்னதாக எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பில் தவறு என்று ஒருவர் சொன்னால், கேட்ட தொகையையோ முந்தைய ஆறு மாதச் சராசரியையோ, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால் போதும். தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. இது மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கான விதி. இந்தப் பிரிவை அண்டை வீட்டாருக்காக நான் மனுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பெண் செய்ததும் அதுவேதான். வழக்கமாகக் கொடுக்கும் தொகையைக் கொடுத்தார். மீதிக்குக் கணக்குக் கேட்டார். சட்டம் வகுத்த வழி அவருக்கு இயல்பாகவே தெரிந்திருந்தது. பிரிவு எண் தெரிந்த நான் ஒரு நிமிட அறிவிப்பும் இல்லாமல் துண்டித்தேன். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டமும் வாடகைதாரரின் மின்சாரத்தையும் தண்ணீரையும் வீட்டு உரிமையாளர் நிறுத்துவதைத் தடுக்கிறது. அதைப் படிக்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கு உரிமை தரும் சட்டங்களைத்தான் தேடிப் படித்திருக்கிறேன்.

அந்த இரவு அவர் பக்கத்து வீட்டு வாசல் விளக்கின் கீழே மிஷினை இழுத்துப் போட்டு, காலால் மிதித்துத் தைத்திருக்கிறார். அந்த வெளிச்சத்தில் காலர் தையல் பல சட்டைகளில் கோணிப்போனது. அவை திரும்பி வந்தன. கூலியில் பிடித்தார்கள். அடுத்த லாட் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. அக்டோபர் 24 தீபாவளி. வருடத்தில் அவர் சம்பாதிக்கும் வாரங்கள் அவைதான். பின்பக்கத்தில் மோட்டார் சத்தம் குறைந்துபோனது எனக்குத் தெரியும். யூனிட் ஓடுவது குறைகிறதே என்றுதான் அப்போது நினைத்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நவம்பரில் புதிய கட்டணப்படி முழு பில் வந்தது. 900 யூனிட். 5,550 ரூபாய். பழைய கட்டணத்தில் அதே 900 யூனிட்டுக்கு 4,420. ஒரேயடியாக 1,130 ரூபாய் கூடியிருக்கிறது. பில்லை எடுத்துக்கொண்டு மின் அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கிருந்த பொறியாளர் பொறுமையாக ஒரு தாளை எடுத்தார். முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 300-க்கு 4.50 வீதம் 1,350. அடுத்த 100-க்கு 6 வீதம் 600. அடுத்த 100-க்கு 8 வீதம் 800. அடுத்த 200-க்கு 9 வீதம் 1,800. கடைசி 100-க்கு 10 வீதம் 1,000. கூட்டினால் 5,550. தவறு எதுவும் இல்லை.

பிறகு அவர் கேட்டார்: “ஒரு வீட்டுக்கு எப்படி சார் 900 யூனிட்?” பின்வீடுகளைச் சொன்னேன். அவர் தாளைத் திருப்பி மறுபக்கம் எழுதினார். ஒவ்வொரு பின்வீட்டுக்கும் இரண்டு மாதத்தில் 180 யூனிட். தனி இணைப்பு இருந்தால் 100 இலவசம் போக மீதி 80 யூனிட்டுக்கு 2.25 வீதம் 180 ரூபாய். மூன்று வீட்டுக்கும் 540. என் வீட்டின் 360 யூனிட்டுக்கு 945. எல்லாம் சேர்த்து 1,485. “4,065 ரூபாயை வீணாகக் கட்டுறீங்க சார். தனித்தனி இணைப்புக்கு எழுதிக் கொடுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். பின்வீடுகளிடம் நான் வாங்குவது 540 யூனிட்டுக்கு 5,400 ரூபாய். பில் 5,550. ஆக, என் வீட்டுக் கரண்டுக்கு நான் கொடுப்பது 150 ரூபாய். உயர்வுக்கு முன்பு, 7 ரூபாய் வாங்கிய காலத்தில், என் பங்கு 640 வந்தது. எந்த உயர்வை எதிர்த்து மதுரையில் பேசினேனோ அந்த உயர்வால் எனக்கு 490 ரூபாய் லாபம். என் வீட்டு விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் சட்டை தைக்கும் ஒரு பெண்ணின் கூலியில் ஓடிக்கொண்டிருந்தன.

தனி இணைப்பு வாங்கினால் என் பங்கு 150-லிருந்து 945 ஆகும். 795 ரூபாய் கூடும். அந்த 795 ரூபாயை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காக மூன்று குடும்பங்கள் 4,860 ரூபாய் அதிகம் கொடுத்தன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

காரணம் சொல்லிக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. அதே நவம்பரில்தான் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னார்கள். இணைத்தால் 100 யூனிட் போய்விடும் என்று ஊரில் வதந்தி. அப்படி எதுவும் இல்லை என்று அரசு சொன்னது. அந்த விளக்கத்தைத் தெருவில் பிறருக்கு எடுத்துச் சொன்னதே நான்தான். ஆனாலும் அந்த வதந்தியை என் தயக்கத்துக்குக் காரணமாக வைத்துக்கொண்டேன். தனி இணைப்பு என்றால் சொத்துவரி கூடுமோ என்ற பயமும் இருந்தது. குடியிருப்பவருக்கு வீட்டின் மேல் ஏதாவது பிடிப்பு வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. பயம் உண்மை. ஆனால் அந்தப் பயத்தின் விலையை நான் கொடுக்கவில்லை. அவர்கள் கொடுத்தார்கள்.

டிசம்பரிலும் 10 ரூபாய் வாங்கினேன். ஜனவரியிலும் வாங்கினேன். பொறியாளரின் தாள் மேஜை இழுப்பறையில் இருந்தது. அறியாமை முடிந்து திருட்டு தொடங்கியது அந்த இழுப்பறையை மூடிய நாளில்.

பொங்கல் கழிந்து நடு வீட்டுக்காரர் காலி செய்தார். அவர் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போக அவர்கள் குடிபோன புதிய வீட்டிலிருந்து தூரம் அதிகம். படிப்பாண்டின் நடுவில் அந்த அலைச்சல். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது கரண்டு பாக்கியைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தேன். அவர் அப்போதும் சீட்டுக் கேட்டார். எழுதிக் கொடுக்கவில்லை. எழுதியிருந்தால் அது என் கையெழுத்தில் சாட்சியாகிவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

என்னைத் திருப்பியது என் மனச்சாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அது உண்மையில்லை. இழுப்பறையில் எதையோ தேடிய என் மனைவி அந்தத் தாளைப் பார்த்துவிட்டாள். இரண்டு பக்கமும் படித்தாள். “அந்தப் பொண்ணுக்கு நாம எம்புட்டுத் தரணும்?” என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று இரவு கதவு தட்டிய சத்தத்தை அவளும் கேட்டவள். என்னிடம் பதில் இல்லை.

நோட்டை வைத்துக் கணக்குப் போட்டேன். அவர் குடியிருந்த காலம் முழுவதும் நான் வாங்கியது எவ்வளவு, தனி இணைப்பு இருந்திருந்தால் அவருக்கு வந்திருக்கும் தொகை எவ்வளவு, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று மாதவாரியாக எழுதினேன். அவர் குடிபோயிருந்த புதிய வீட்டைத் தேடிப் போனேன். பணத்தை நீட்டினேன். அவர் முதலில் சீட்டைத்தான் வாங்கினார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு மாதத்தின் யூனிட்டை நான் தவறாக எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டினார். திருத்தினேன். அதன் பிறகே பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். அந்த ராத்திரியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தேன். “அதை விடுங்கண்ணே” என்றார். மன்னித்ததாக நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பேச விரும்பவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். பறிபோன லாட்டுக்கும் அந்தத் தீபாவளிக்கும் என்னிடம் கணக்கு இல்லை. அது தீராத பாக்கி.

இன்று மூன்று வீட்டுக்கும் தனி இணைப்பு இருக்கிறது. அவரவருக்கு உரிய பில் அவரவர் கைப்பேசிக்கே வருகிறது. 2024 ஜூலையில் கட்டணம் மறுபடி 4.83 சதவீதம் உயர்ந்தது. அந்த உயர்வு அவர்களுக்கு எவ்வளவு என்பதை அவர்களே பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். நான் வாசற்படியில் நின்று விலை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மின்கட்டணத்தை எதிர்த்துக் கேட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டும். ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். பில்லில் ஐயம் இருந்தால் போகலாம். ஆனால் இந்தக் கதவுகள் எல்லாம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே எளிதில் திறக்கின்றன. சப் மீட்டரின் மறுமுனையில் இருப்பவருக்குப் போக்கிடம் வீட்டுக்காரரின் வாசல் ஒன்றுதான். உரிமம் இல்லாமல் மின்சார வணிகம் செய்யக் கூடாது என்கிறது மின்சாரச் சட்டம். நம் ஊர்களில் எத்தனை வீடுகளின் பின்பக்கத்தில் அந்த வணிகம் நடக்கிறது என்பது வீட்டுக்காரர்களாகிய நமக்குத் தெரியும். உங்கள் வீட்டில் சப் மீட்டர் இருந்தால், இன்றைக்கே உங்கள் பில்லையும் நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். குடியிருப்பவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு வையுங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த மூன்று வீடுகளிலும் அதற்கு முன் பலர் குடியிருந்து போயிருக்கிறார்கள். 7 ரூபாய் கொடுத்தவர்கள், கேள்வி கேட்காதவர்கள். பலர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. அவர்களுக்கும் நான் கடன்காரன். நத்தத்தில் என் வீட்டில் குடியிருந்த யாராவது இதைப் படித்தால், என்னை அடையாளம் தெரிந்துகொள்வீர்கள். வாருங்கள். நோட்டு என்னிடம் இருக்கிறது. உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் தருகிறேன்.